கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன்: ஃபிரேம்ல ஒரு நம்பர், டிரிகர் கார்டுல வேற நம்பர், இது ஒரிஜினல் தானா?

மான்கொம்பு:
வணக்கம் எல்லாருக்கும். நண்பர் ஒருத்தரோட சேகரிப்பை வகைப்படுத்தி எழுதி வைக்கிற வேலைல இருக்கேன். அதுல ஒரு கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர், .45, பேரல் 5½ இஞ்ச். ஃபிரேமோட இடது பக்கம் யூ.எஸ். முத்திரை இருக்கு. பிரச்சினை என்னன்னா ஃபிரேம் அடியில இருக்கற நம்பர் 48 ஆயிரத்து சொச்சம், டிரிகர் கார்டுல (விசையைச் சுத்தி இருக்கற வளையம்) 70 ஆயிரத்து சொச்சம், பின்பக்க பட்டையில 9 ஆயிரத்து சொச்சம். மூணும் மூணு. மரப்பிடியில கட்டத்துக்குள்ள ஆர்.ஏ.சி.ன்னு எழுத்து அழுத்தியிருக்கு. இதை என்னன்னு எழுதறது? யாராவது சொல்லுங்க.

நீலப்பூச்சு:
மூணு நம்பரும் ஒத்துப்போகலைன்னா அது பல துப்பாக்கில இருந்து பிரிச்சு சேர்த்தது, அவ்ளோதான். எஸ்.ஏ.ஏ.ல, அதாவது சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மில, ஃபிரேம், கார்டு, பேக்ஸ்ட்ராப் (பின்பக்க பட்டை) மூணுலயும் ஒரே நம்பர் இருக்கணும், இது முதல் பாடம். "உதிரி சேர்த்தது"ன்னு எழுதிட்டு அடுத்ததுக்கு போங்க.

ரோல்டை:
கொஞ்சம் பொறுங்க, இதுக்கு அவ்ளோ சீக்கிரம் தீர்ப்பு எழுதக்கூடாது. பொதுவா நீலப்பூச்சு சொன்னது சரி, தனியாருக்கு வித்த எஸ்.ஏ.ஏ.ன்னா நானும் அதையேதான் சொல்லுவேன். ஆனா யூ.எஸ். முத்திரை, 5½ இஞ்ச் பேரல், ஆர்.ஏ.சி. இந்த மூணும் ஒரே துப்பாக்கில வந்தா அங்க கணக்கு தலைகீழா மாறும்.

அமெரிக்க ராணுவம் 1873ல இருந்து 1891 வரைக்கும் கோல்ட் கம்பெனிகிட்ட வாங்கினது சுமார் 37 ஆயிரம் எஸ்.ஏ.ஏ. பெரும்பாலும் குதிரைப்படைக்கு, எல்லாம் 7½ இஞ்ச் பேரல். அப்புறம் 1892 மாடல் .38 வந்ததும் இதை எல்லாம் கிடங்குல போட்டாங்க. 1895க்கு மேல அந்த பழைய .45களை எடுத்து பேரலை 5½ இஞ்சா குறைச்சு, பழுது பார்த்து திரும்ப கொடுத்தாங்க, ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியிலயும் நடந்துச்சு, கோல்ட் தொழிற்சாலையிலயும் நடந்துச்சு. .38 குண்டு பிலிப்பைன்ஸ் சண்டையில எதிராளியை நிறுத்தலைன்னு புகார் வந்தப்ப இந்த .45களுக்கு மறுபடியும் மவுசு வந்தது. இதைத்தான் சேகரிக்கறவங்க ஆர்ட்டிலரி மாடல்னு கூப்பிடறாங்க.

அந்த வேலை நடக்கும்போது நூத்துக்கணக்குல பிரிச்சு பாகங்களை தனித்தனியா குவிச்சு சுத்தம் பண்ணி, எது கைக்கு வந்துச்சோ அதை மாட்டிட்டாங்க. எந்த கார்டு எந்த ஃபிரேம்ல இருந்துச்சுன்னு யாரும் பார்க்கலை, ராணுவத்துக்கு அது தேவையும் இல்ல. அதனால பெரும்பாலான ஆர்ட்டிலரி மாடல்ல நம்பர் கலந்துதான் இருக்கும். கலந்திருக்கறதுதான் அங்க இயல்பு. ஆர்.ஏ.சி.ங்கறது ரினால்டோ கார், அந்த கட்டத்துல இதை எல்லாம் சோதிச்சு முத்திரை போட்ட ஆய்வாளர்.

மான்கொம்பு, நாலு விஷயம் பார்த்து சொல்லுங்க. பேரல் மேல இருக்கற கம்பெனி விலாசம் நடுவுல இருக்கா, இல்ல வாய்ப்பக்கம் தள்ளி இருக்கா? ஃபிரேம்ல பேட்டன்ட் தேதி ரெண்டா மூணா? நம்பர் பக்கத்துல சின்ன எழுத்து ஏதாவது இருக்கா? சிலிண்டர்ல, பேரலோட அடிப்பக்கம் நம்பர் இருக்கா? எதையும் துடைக்காதீங்க, எண்ணெய் கூட போடாதீங்க. எல்லாத்துக்கும் முன்னாடி சிலிண்டர்ல குண்டு அறை எல்லாம் காலியான்னு பாருங்க.

மான்கொம்பு:
அறை காலி, முதல்லயே பார்த்துட்டேன். விலாசம் ஒரே வரி, நேரான அச்செழுத்து, கண்டிப்பா நடுவுல இல்ல, வாய்ப்பக்கம் நல்லா நகர்ந்து இருக்கு. பேட்டன்ட் தேதி மூணு: 1871 செப்டம்பர், 1872 ஜூலை, 1875 ஜனவரி. ஃபிரேம் நம்பர்கிட்ட ஹெச்.என். மாதிரி தெரியுது. பேக்ஸ்ட்ராப்ல நம்பர் பக்கத்துல சின்ன ஏ. கார்டுல டி.எஃப்.சி. சிலிண்டர்ல இருக்கற நம்பர் நாலாவதா இன்னொரு நம்பர்.

ரோல்டை:
அருமை. இப்ப ஒவ்வொண்ணா பாருங்க, நீங்க கொடுத்த விவரம் எவ்ளோ பேசுதுன்னு.

ஃபிரேம் 48 ஆயிரம்னா 1878 வாக்குல வரும். அந்த எல்லையில ஆய்வாளரா இருந்தவர் ஹென்றி நெட்டில்டன், அவர் முத்திரை ஹெச்.என். பொருந்துது. எஸ்.ஏ.ஏ. ஆரம்பத்துல ஃபிரேம்ல பேட்டன்ட் தேதி ரெண்டுதான், மூணாவதா 1875 ஜனவரி தேதி சேர்ந்தது 30 ஆயிரத்து சொச்சம் நம்பருக்கு அப்புறம். 48 ஆயிரத்துல மூணு தேதி இருந்தே ஆகணும், இருக்கு. அதுவும் பொருந்துது. இதே நம்பருக்கு ரெண்டு தேதி மட்டும் இருந்திருந்தா நான் அங்கயே நின்னுருப்பேன்.

பேக்ஸ்ட்ராப் 9 ஆயிரம், பக்கத்துல ஏ. அது ஆர்வில் ஐன்ஸ்வொர்த், முதல் ஆய்வாளர், 1873ல இருந்து 74 வரைக்கும். கார்டு 70 ஆயிரம், டி.எஃப்.சி., அதாவது டேவிட் கிளார்க், 1880கள்ல நெறைய சோதிச்சவர். அந்தந்த பாகத்துல இருக்கற எழுத்து அந்தந்த நம்பரோட காலத்துக்கு சரியா உக்காருது. யாரோ ஒருத்தர் சந்தையில கிடைச்ச நாலு பாகத்தை சேர்த்திருந்தா அதுல தனியாருக்கு வித்த பாகம் ஒண்ணாவது கலந்திருக்கும், ஆய்வாளர் எழுத்தே இல்லாம. இங்க நீங்க எழுத்து சொன்ன மூணும் ராணுவ பாகம்.

விலாசம் வாய்ப்பக்கம் நகர்ந்திருக்கறதும் நல்ல அடையாளம். 7½ இஞ்ச் பேரலுக்கு நடுவுல அடிச்ச விலாசம், முன்பக்கம் ரெண்டு இஞ்ச் வெட்டினா தானா முனைக்கு கிட்ட வந்துரும். (புதுசா 5½ இஞ்ச் பேரல் மாட்டினதும் உண்டு, அதுல நடுவுலயே இருக்கும், அதை வச்சு மட்டும் தப்புன்னு சொல்லக்கூடாது.)

நீலப்பூச்சு:
சரி, நீங்க சொன்ன விவரம் ஏத்துக்கறேன். ஆனா ஒரு கேள்வி. இப்படி "கலந்திருந்தா இயல்பு"ன்னு ஒரு கதவு திறந்து வச்சா, யார் வேணாலும் குப்பை பாகத்தை சேர்த்து பேரலை அறுத்து யூ.எஸ். குத்தி ஆர்ட்டிலரி மாடல்னு வித்துருவானே? ஐன்ஸ்வொர்த் எல்லை நம்பர்னாலே விலை எங்கயோ போகுது, கஸ்டரோட 7வது குதிரைப்படை 1876ல லிட்டில் பிக்ஹார்ன்ல தூக்கிட்டு போனது அந்த எல்லையில வந்ததுதான்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காகவே குத்தறவங்க இருக்காங்க. எழுத்தும் நம்பரும் பொருந்துதுங்கறது மட்டும் போதுமா? புத்தகம் படிச்சவனுக்கு பொருத்தமா குத்தவும் தெரியும்.

சுருள்வில்:
நீலப்பூச்சு கேட்ட கேள்விதான் இந்த இழையிலயே முக்கியமான கேள்வி. என் கருத்து இது: முத்திரைல என்ன எழுதியிருக்குங்கறதை விட அது உலோகத்துல எப்படி உக்காந்திருக்குங்கறதுதான் சாட்சி. எழுத்தை காப்பி அடிக்கலாம், நூத்தி அம்பது வருஷத்தை காப்பி அடிக்கறது ரொம்ப கஷ்டம்.

அச்சு குத்தும்போது உலோகம் எங்கயும் போகாது, ஓரத்துக்கு ஒதுங்கும். அதனால புதுசுல எழுத்தோட கரையில மெல்லிசா ஒரு மேடு இருக்கும். தொழிற்சாலையில சில முத்திரையை மெருகுக்கு முன்னாடி குத்துவாங்க, அப்ப அந்த மேடு தேய்ஞ்சு சமமாயிரும். சிலதை மெருகுக்கு அப்புறம் குத்துவாங்க, அப்ப மேடு இருக்கும், அதுவும் கை பட்டு பட்டு மழுங்கியிருக்கும். வெட்டி செதுக்கின எழுத்துல இந்த ஒதுக்கம் இருக்காது, பள்ளத்தோட அடியில கருவி ஓடின கோடு தெரியும். லேசர்ல போட்டா அடிப்பக்கம் தட்டையா, கரை சீரா இருக்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும் இதை எல்லாம் பார்க்க.

அடுத்தது துரு. நான் முதல்ல பார்க்கறது இதுதான். பழைய இரும்புல துரு அரிச்ச சின்ன சின்ன குழி இருக்கும். முத்திரை பழசுன்னா அந்த குழி எழுத்தோட கரையையும் அரிச்சிருக்கும், எழுத்துக்குள்ளயும் இறங்கியிருக்கும், ஏன்னா துரு வந்தப்ப எழுத்து ஏற்கனவே அங்க இருந்துச்சு. குழிக்கு மேலேயே எழுத்து சுத்தமா வெட்டிக்கிட்டு போச்சுன்னா, குழிதான் முதல்ல வந்துச்சு, எழுத்து அப்புறம் வந்துச்சுன்னு அர்த்தம். இதுக்கு ஒரு புத்தகமும் வேண்டாம், எது முதல்ல எது பின்னாலன்னு இரும்பே சொல்லிடும்.

மூணாவது, பள்ளம். பழைய நம்பரை ராவி எடுத்துட்டு புதுசு குத்தினா அந்த இடம் லேசா தாழ்ந்து போகும். விரல்ல தெரியாது. விளக்கை பக்கவாட்டுல தாழ வச்சு, ஒரு நேர்கோடு அந்த தட்டையான பரப்புல பிரதிபலிக்கற மாதிரி பிடிச்சு பாருங்க. கோடு நம்பர் இருக்கற இடத்துல வளைஞ்சா அங்க யாரோ வேலை பார்த்திருக்காங்க. குத்தும்போது அடியில இருக்கற உலோகமும் இறுகிடுது, மேல ராவினாலும் அந்த இறுக்கம் கீழ இருக்கும். தடயவியல் ஆய்வகத்துல அமிலம் வச்சு அழிச்ச நம்பரை திரும்ப வரவைக்கறது இதனாலதான். அதை வீட்ல யாரும் பண்ணாதீங்க, துப்பாக்கி பாழாயிரும்.

அப்புறம் எண்களோட உருவம். கோல்ட்ல நம்பரை ஒவ்வொரு இலக்கமா கையால குத்தினாங்க, அதனால வரிசை கொஞ்சம் கோணலா, ஆழம் முன்ன பின்ன இருக்கும், ஆனா இலக்கத்தோட வடிவம் அந்தந்த காலத்து அச்சுப்படி மாறாம இருக்கும். விலாசமும் சிலிண்டர் படமும் உருளை அச்சு, ஒரே ஓட்டத்துல உருட்டினது, அது சீரா இருக்கணும். கைக்குத்து சீரா இருந்தாலும் சந்தேகம், உருளை அச்சு கோணலா இருந்தாலும் சந்தேகம்.

மான்கொம்பு, பக்கவாட்டு வெளிச்சத்துல யூ.எஸ்., மூணு நம்பர், மரப்பிடி முத்திரை அஞ்சையும் படம் எடுத்து போடுங்க.

கருவாலி:
இவ்ளோ சிரமம் எதுக்கு? கோல்ட் ஆவணக்காப்பகத்துல நம்பர் கொடுத்தா கடிதம் தருவாங்களே, எந்த நாள் அனுப்பினது, யாருக்கு, என்ன பேரல், என்ன பூச்சுன்னு எல்லாம் இருக்கும். கடிதம் வந்துட்டா முடிஞ்சுது.

ரோல்டை:
கருவாலி, கடிதம் வாங்கணும், கண்டிப்பா வாங்கணும். ஆனா கடிதம் முடிவு இல்ல. அந்த கடிதம் பேசறது நம்பரைப் பத்தி, உங்க கையில இருக்கற இரும்பைப் பத்தி இல்ல. "இந்த நம்பர் துப்பாக்கி இந்த வருஷம் நிக்கல் பூச்சோட இன்னாருக்கு போச்சு"ன்னு பேரேட்டுல இருக்கறதை பார்த்து எழுதித் தருவாங்க. உங்ககிட்ட இருக்கறதுதான் அதுன்னு அவங்க எங்கயும் சொல்லலை. ஏமாத்தறவன் என்ன பண்றான்? நல்ல கடிதம் வர்ற நம்பரை முதல்ல கண்டுபிடிக்கறான், அப்புறம் அதை குத்தறான். அப்ப கடிதமே அவனுக்கு உதவி ஆயிடுது.

கடிதத்தை எப்படி பயன்படுத்தணும்னா, அதுல சொல்ற ஒவ்வொரு விவரத்தையும் துப்பாக்கில தேடணும். நிக்கல்னு சொன்னா, பிடிக்கு அடியில, கார்டு சேர்ற மூலையில, எங்கயாவது நிக்கல் துணுக்கு மிச்சம் இருக்கா? 4¾ இஞ்ச்னு சொன்னா பேரல் முனையோட வளைவு தொழிற்சாலை வளைவா? இப்படி.

இன்னொண்ணு, எல்லா காலத்துக்கும் பேரேடு முழுசா இல்ல. ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலை 1864 பிப்ரவரில தீப்பிடிச்சு எரிஞ்சது, அந்த காலத்து கேப் அண்ட் பால் (மருந்தும் குண்டும் தனித்தனியா அடைக்கற பழைய வகை) துப்பாக்கிகளுக்கு பதிவு அங்கங்க ஓட்டையாத்தான் இருக்கு.

கடிதம் மட்டும் போதாதுங்கறதுக்கு உதாரணமா ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஸ்கோஃபீல்டு ரிவால்வரை எடுத்துக்குங்க. ராணுவம் கழிச்சு வித்ததுல கொஞ்சம் வெல்ஸ் ஃபார்கோ கம்பெனி கைக்கு போச்சு, பேரலை குட்டையாக்கி, கம்பெனி பேரோட சுருக்கத்தையும் நம்பரையும் குத்தி வச்சாங்க. அசலா அது ரொம்ப கொஞ்சம். இன்னைக்கு சந்தையில அந்த எழுத்தோட அலையற ஸ்கோஃபீல்டு ஏராளம். அதுல நெறைய துப்பாக்கி அசல் ஸ்கோஃபீல்டுதான், நம்பரும் அசல்தான், பேரலையும் அந்த அஞ்சாறு எழுத்தையும் மட்டும் பின்னால யாரோ சேர்த்திருப்பான். முழு போலியை விட இந்த அரை போலிதான் ஆபத்து, மத்த எல்லா சோதனையிலயும் தேறிடும்.

கருவாலி:
நியாயம். "கடிதம் நம்பருக்கு"ங்கறது மனசுல ஏத்திக்க வேண்டிய விஷயம்தான். ஆனாலும் கடிதத்தோட நம்பர், ஆய்வாளர் எழுத்து, துரு எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா ஒத்துக்கலாம்ல?

ரோல்டை:
கண்டிப்பா. எல்லாம் ஒரே கதையை சொல்லணும், அவ்ளோதான் கேக்கறேன்.

தாமரைத்தண்டு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட கேட்ட ஒருத்தரோட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சிலிண்டரை வெளிய சாய்க்கற மாதிரி. சிலிண்டரை தாங்கற கையை திறந்தா உள்ள ஃபிரேம்ல ஒரு அஞ்சிலக்க நம்பர், பிடியோட அடியில வேற ஒரு நம்பர். இதுவும் கலப்படமா?

சுருள்வில்:
இல்ல, கவலைப்படாதீங்க. உள்ள இருக்கறது அசெம்ப்ளி நம்பர். தொழிற்சாலையில ஒண்ணா பொருத்தி ராவின ஃபிரேம், யோக் (சிலிண்டரை தாங்கற கை), பக்கத்தட்டு இதுகளை பூச்சுக்கு அனுப்பிட்டு திரும்ப ஜோடி சேர்க்கறதுக்காக போட்டது. சீரியல் நம்பருக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ல சீரியல் பிடியோட அடியில இருக்கும், அதே நம்பர் சிலிண்டர்லயும் பேரல் அடியிலயும் இருக்கான்னு பாருங்க, வலது பக்க மரப்பிடியோட உள்பக்கத்தையும் பாருங்க. உள்பக்க நம்பர் ஒத்துப்போச்சுன்னா அந்த பிடி பிறப்பிலேயே அதோட வந்தது. கம்பெனியோட வரலாற்று அறக்கட்டளை கடிதம் தருது, அதுக்கு அடியில இருக்கற நம்பரைத்தான் கொடுக்கணும், அசெம்ப்ளி நம்பரை கொடுத்துட்டு பொருந்தலைன்னு குழம்பறவங்க நெறைய.

கோல்ட் 1917 ராணுவ மாடல்லயும் இதே மாதிரி குழப்பம் வரும். பிடிக்கு அடியில ராணுவம் கொடுத்த நம்பர், கிரேன் (கோல்ட்ல சிலிண்டரை தாங்கற கை) பகுதியில கோல்டோட சொந்த நம்பர். ரெண்டும் வேற வேறயாத்தான் இருக்கணும்.

ஒவ்வொரு மாடலுக்கும் நம்பர் தனித்தனியா ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும்ங்கறதையும் மறக்காதீங்க. என்ன மாடல்னு முடிவு பண்ணாம வெறும் நம்பரை வச்சு வருஷம் தேடறது வீண் வேலை. அதுக்கும் விலக்கு இருக்கு, பிஸ்லி மாடல் எஸ்.ஏ.ஏ.வோட அதே வரிசையிலதான் ஓடுச்சு.

வெள்ளிமுளை:
நான் கேப் அண்ட் பால் ஆளு, அதனால அந்த பக்கம் கொஞ்சம் எழுதறேன், ஏன்னா போலி அதிகமா புழங்கறது அங்கதான்.

முதல்ல தேதி. ரெமிங்டன் துப்பாக்கில 1858 செப்டம்பர் 14ன்னு பேரல் மேல பார்த்துட்டு 1858ல செஞ்சதுன்னு எழுதறாங்க. அது பேட்டன்ட் தேதி. நியூ மாடல் ஆர்மி 1863ல தான் வந்துச்சு. பேட்டன்ட் தேதி சொல்றது "இதுக்கு முன்னாடி இல்ல"ங்கறது மட்டும்தான். ரெமிங்டன்ல நம்பர் பேரல் அடியில லோடிங் லீவரை (குண்டை அழுத்தி அடைக்கற கம்பி) இறக்கினா தெரியும், இன்னொண்ணு இடது பிடியை கழட்டினா உள்ள ஃபிரேம்ல இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகணும். பிடியை கழட்டாமலே ரெமிங்டனுக்கு சான்று கொடுக்கறவங்களை நம்பாதீங்க.

அடுத்தது விலாசம். கோல்ட் 1851 நேவியில நியூயார்க் விலாசம் இருக்கும், செஞ்சது ஹார்ட்ஃபோர்டுல. லண்டன் விலாசம் இருந்தா அது லண்டன் தொழிற்சாலை, 1853ல இருந்து 56 வரைக்கும் சுமார் 42 ஆயிரம், தனி நம்பர் வரிசை. ஆனா ஹார்ட்ஃபோர்டுல செஞ்சு லண்டனுக்கு அனுப்பினதுலயும் லண்டன் புரூஃப் முத்திரை (சுட்டு சோதிச்சதுக்கு அடையாளம்) விழுந்திருக்கும். அதனால புரூஃப் முத்திரை எங்க சோதிச்சாங்கன்னு சொல்லும், எங்க பிறந்துச்சுன்னு சொல்லாது. இதை குழப்பிக்கிட்டு நல்ல ஹார்ட்ஃபோர்டு துப்பாக்கியை போலின்னு தள்ளினவங்களும் இருக்காங்க.

நேவியோட சிலிண்டர்ல ஒரு கடற்சண்டை படம் உருட்டியிருப்பாங்க, 1843 மே 16, கம்பெச்சேகிட்ட டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதினது. ஆர்ம்ஸ்பி செதுக்கின அச்சு. அந்த படம் சிலிண்டர்ல எங்க எவ்ளோ தேய்ஞ்சிருக்குன்னு பாருங்க, உறையில உராயற இடத்துல தேயணும். சிலிண்டர் முழுக்க ஒரே அளவு மங்கலா இருந்துச்சுன்னா தேய்மானத்தை கையால செஞ்சிருக்காங்க.

நம்பர் பேரல், ஃபிரேம், கார்டு, பேக்ஸ்ட்ராப்ல முழுசா இருக்கும். சிலிண்டர், வெட்ஜ் (பேரலை பிடிக்கற ஆப்பு), ஆர்பர் (சிலிண்டர் சுத்தற அச்சு), லோடிங் லீவர்லயும் பாருங்க. வெட்ஜ் மாறியிருந்தா பெரிய விஷயம் இல்ல, அது தொலையற பாகம். சிலிண்டர் மாறியிருந்தா எழுதணும்.

இப்ப பித்தளை ஃபிரேம். "கான்ஃபெடரேட் நேவி .44 பித்தளை ஃபிரேம்"னு வந்தா மேல படிக்கவே வேண்டாம். 1851 நேவி .36 மட்டும்தான். .44ங்கறது இத்தாலியில நவீன காலத்துல செஞ்ச கற்பனை. அசல் பித்தளை ஃபிரேம்னா முக்கியமா ஜார்ஜியாவுல செஞ்ச கிரிஸ்வோல்டு அண்ட் கன்னிசன், சுமார் 3,600 தான், 1864 நவம்பர்ல வடக்குப் படை அந்த தொழிற்சாலையை கொளுத்திட்டுப் போயிருச்சு. எஃகு பஞ்சத்துல இரும்பை முறுக்கி சிலிண்டர் செஞ்சாங்க, அந்த முறுக்கு ரேகை இன்னைக்கும் உத்துப் பார்த்தா தெரியும். எந்த அச்சாலயும் குத்த முடியாத முத்திரை அது.

இத்தாலிய நகலை கண்டுபிடிக்கணும்னா கார்டோனே சோதனைச்சாலை முத்திரை, கரிமருந்துக்கான பி.என். எழுத்து, ஒரு சின்ன கட்டத்துக்குள்ள வருஷக் குறியீடு, இதெல்லாம் தேடுங்க. குறியீடு 1945ல ரோமன் எண் ஒண்ணுல ஆரம்பிச்சு, 1975ல ஏ.ஏ.ன்னு எழுத்துக்கு மாறுச்சு. ஏமாத்தறவன் இதைத்தான் முதல்ல ராவுவான், அதனால அது இருக்க வேண்டிய இடத்துல சுருள்வில் சொன்ன பள்ளம் இருக்கான்னு பாருங்க. திருகாணியை கழட்டி அளந்தா மரை மெட்ரிக் அளவா இருக்கும், அதை மாத்த யாரும் மெனக்கெடறது இல்ல.

வாக்கர் கோல்ட் பத்தி ஒரே வரி. 1847ல செஞ்சது மொத்தமே 1,100 வாக்குல. நம்பர் தொடர்ச்சியா இல்ல, ஏ கம்பெனி, பி கம்பெனின்னு படைப்பிரிவு வாரியா ஒவ்வொண்ணும் புதுசா ஆரம்பிக்கும். யார் கொண்டு வந்தாலும் போலின்னு வச்சுக்கிட்டே பார்க்க ஆரம்பிங்க. கேப் அண்ட் பால்ல மருந்தும் குண்டும் நூறு வருஷமா உள்ளயே கிடக்கறது உண்டு, குச்சியை விட்டு பேரல் வழியா ஆழம் அளந்துட்டுதான் மத்த வேலை.

நீலப்பூச்சு:
வெள்ளிமுளை, முறுக்கு ரேகை விஷயம் ரொம்ப உபயோகம். ஆனா புரூஃப் முத்திரையை கொஞ்சம் குறைச்சு மதிப்பிடறீங்களோன்னு தோணுது. எங்க பிறந்துச்சுன்னு சொல்லாட்டியும் எப்பன்னு அழகா சொல்லுமே.

கருவாலி:
அதுக்கு நான் சேர்க்கறேன், பிரிட்டிஷ், பெல்ஜியம் பக்கம் நான் பார்த்தது அதிகம். பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813ல வந்துச்சு. 1904 வரைக்கும் கிரீடத்துக்கு அடியில குறுக்கா ரெண்டு செங்கோல், கூட பி.சி.பி. எழுத்து. 1904க்கு அப்புறம் கிரீடத்துக்கு கீழ பி.பி., பி.வி., என்.பி.ன்னு மாறிடுச்சு, என்.பி.ங்கறது புகையில்லா மருந்துக்கு. 1880ல செஞ்ச வெப்லி ரிவால்வர்னு சொல்லி என்.பி. மட்டும் இருந்தா, ஒண்ணு பின்னால மறுபடி சோதிச்சிருக்கணும், இல்ல சொல்ற வருஷம் தப்பு. ராணுவ வெப்லில அகல அம்புக்குறி இருக்கும், ரெண்டு அம்பு முனையோட முனை பார்த்த மாதிரி இருந்தா அரசாங்கம் கழிச்சு வித்ததுன்னு அர்த்தம், அது குறை இல்ல, அந்த துப்பாக்கியோட வரலாறு.

பெல்ஜியத்துல லியேஜ் முத்திரை, நீள்வட்டத்துக்குள்ள இ.எல்.ஜி. கீழ நட்சத்திரம். அதுக்கு மேல கிரீடம் சேர்ந்தது 1893ல. சோதிச்சவரோட எழுத்து மேல கிரீடம் இருந்தா 1877க்கு முன்ன, நட்சத்திரம் இருந்தா அதுக்கு பின்ன. பேர் எதுவும் இல்லாத புல்டாக் ரிவால்வரை இந்த ரெண்டு விவரத்தை வச்சே காலம் பிடிச்சிரலாம்.

ரஷ்ய நகான்ட்ல நம்பர் எல்லாம் ஒத்துப்போகும், ஆனா பழைய நம்பரை அடிச்சுட்டு எலக்ட்ரிக் பென்சில்ல புதுசா எழுதியிருப்பாங்க. அது சோவியத் கிடங்குல மறுசீரமைப்பு பண்ணினது. போலி இல்ல, ஆனா "ஒரிஜினல் மேட்சிங்"னு விக்கக்கூடாது.

மான்கொம்பு:
படம் போட்டுட்டேன், அஞ்சும் பக்கவாட்டு வெளிச்சத்துல. நான் பார்த்தவரைக்கும்: யூ.எஸ். எழுத்தோட கரை ரெண்டு இடத்துல துருக்குழியில கரைஞ்சிருக்கு. ஃபிரேம் நம்பர் இடத்துல நேர்கோடு வளையலை. பேக்ஸ்ட்ராப் 9 ஆயிரம் நம்பர்லயும் அப்படித்தான், ஏ எழுத்து பாதி தேய்ஞ்சிருக்கு. ஆனா மரப்பிடியில இருக்கற ஆர்.ஏ.சி. மட்டும் ரொம்ப தெளிவா இருக்கு. எழுத்து தெளிவா இருக்கறது நல்லதுதானே?

சுருள்வில்:
உலோகம் எல்லாம் எனக்கு திருப்தி. யூ.எஸ். முத்திரை துருவுக்கு முந்தினது, கேள்வியே இல்ல. ஐன்ஸ்வொர்த் ஏ எழுத்து பேக்ஸ்ட்ராப் தேய்ஞ்ச அளவுக்கே தேய்ஞ்சிருக்கு.

மரப்பிடிதான் இடிக்குது. படத்துல பிடியோட கீழ் மூலை ரெண்டும் உருண்டு போயிருக்கு, இடது பக்கம் உள்ளங்கை படற இடம் வழவழன்னு ஆயிருக்கு. அதே பரப்புல, அந்த வழவழப்புக்கு நடுவுல, கார்டூஷோட (கட்டத்துக்குள்ள அழுத்தின அந்த ஆர்.ஏ.சி. முத்திரை) சட்டம் நாலு மூலையும் கத்தி மாதிரி நிக்குது. மரத்துல அழுத்தின முத்திரை மரத்தோட சேர்ந்து தேயணும், ஓரம் உருளணும், பள்ளத்துல அழுக்கும் எண்ணெயும் கருத்து இறுகியிருக்கணும். உங்க படத்துல பள்ளத்தோட அடி மரத்தோட வெளிர் நிறமா தெரியுது. நார் வளைஞ்சு அமுங்காம, கரையில முறிஞ்சு நிக்குது. காய்ஞ்ச பழைய மரத்துல பின்னால அழுத்தினா இப்படித்தான் முறியும்.

ரோல்டை:
நானும் அதையே பார்த்தேன். துப்பாக்கி அசல் ஆர்ட்டிலரி மாடல், என் கருத்துல சந்தேகம் இல்ல. கார்டூஷ் பின்னால போட்டது. பழைய முத்திரை தேய்ஞ்சு மறைஞ்சு போன பிடியில, விலை ஏத்தறதுக்காக யாரோ திரும்ப அழுத்தியிருக்காங்க. எனக்கு இது வருத்தமா இருக்கு, அது இல்லாமலே இந்த துப்பாக்கி தன் பேரை தானே சொல்லிக்கும்.

நீலப்பூச்சு:
உதிரி சேர்த்ததுங்கற என் முதல் பதிவை இந்த படங்களுக்கு அப்புறம் விட்டுடறேன். மூணு ராணுவ பாகம், மூணும் அந்தந்த காலத்து எழுத்தோட, வெட்டின பேரல். ஆர்ட்டிலரிதான்.

மான்கொம்பு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்ப அந்த கார்டூஷை தேய்ச்சு எடுத்துடலாமா? இல்ல வேற பழைய பிடி வாங்கி மாட்டலாமா? நண்பர் கேக்கறார்.

ரோல்டை:
ரெண்டும் வேண்டாம். தேய்ச்சா அடியில அசல் முத்திரையோட மிச்சம் ஏதாவது இருந்தாலும் போயிரும், வேற பிடி மாட்டினா இன்னொரு துப்பாக்கியோட பிடி இதுல வந்து உக்காரும். பிடியை கழட்டி உள்பக்கம் பாருங்க, மசியிலயோ பென்சில்லயோ நம்பர் எழுதியிருக்கலாம், மங்கலா இருந்தா துடைக்காம புற ஊதா வெளிச்சத்துல படம் எடுங்க. அப்புறம் பதிவேட்டுல இப்படி எழுதுங்க: ஆர்ட்டிலரி மாடல், நம்பர் கலந்தது, ஒவ்வொரு பாகத்தோட நம்பரும் ஆய்வாளர் எழுத்தும் தனித்தனியா, பேரல் 7½ல இருந்து வெட்டினது, பிடியில இருக்கற ஆர்.ஏ.சி. பின்னால சேர்த்தது. அந்த அஞ்சு படத்தையும் அதோட ஒட்டி வைங்க, இவர்கிட்ட இருந்து அடுத்து வாங்கறவர் கைக்கு அந்த தாளும் போகணும்.

மான்கொம்பு:
பிடியை கழட்டினேன். உள்ள பென்சில்ல நாலு இலக்கம் தெரியுது, சிலிண்டர், ஃபிரேம், கார்டு, பேக்ஸ்ட்ராப் எதோடயும் சேரலை. அஞ்சாவது நம்பர். அதையும் பதிவேட்டுல சேர்த்துட்டேன்.